பட்டியலில் இல்லாத உறவு

"இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டது விடுப்பு விண்ணப்பம். கீழே ஒரு பட்டியல்: கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை. மேலும் கீழுமாக இரண்டு முறை தேடினேன். நண்பன் இல்லை.

ஆஸ்திரேலியச் சட்டப்படி நெருங்கிய குடும்பத்தில் ஒரு சாவு என்றால் 2 நாள் துக்க விடுப்பு உண்டு. மாமியாருக்கு உண்டு, மைத்துனனுக்கும் உண்டு. ஒரே வீட்டில் வசிப்பவர் என்றால் எந்த உறவும் தேவையில்லை, அதற்கும் உண்டு. அந்த வரியைப் படித்தபோதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது. விடுதியில் நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தோம். ஒரே போர்வை, ஒரே சோப்பு, ஒருவன் காய்ச்சலில் படுத்தால் மற்ற மூன்று பேரும் தூங்க மாட்டோம். இன்று அவன் ஓர் ஊரில், நான் ஒரு கண்டத்தில் என்பதால் அவன் எனக்கு யாருமில்லாதவன் ஆகிவிட்டான்.

அண்ணன் என்று குறித்திருக்கலாம். நம் பேச்சில் அது பொய்யும் இல்லை. அவன் அம்மாவை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் அவனை வேறு எதுவாகவோ எழுத மனம் வரவில்லை. மேலாளர் நல்ல மனுஷி. விஷயத்தைச் சொன்னதும் ஆண்டு விடுப்பில் ஒரு நாள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்துக்கொண்டேன். என்றாலும் அது சுற்றுலா போகிறவர்கள் எடுக்கும் விடுப்பு. அது இன்னமும் உறுத்துகிறது.

பிப்ரவரியில் மெல்போர்னுக்கும் ஊருக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அங்கே மூன்று மணிக்கு எடுத்தார்கள். இங்கே இரவு எட்டரை. எங்கள் நாலு பேரில் அங்கே மிச்சமிருந்தவன் ஒருவன்தான். அவன்தான் வீடியோ காலில் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தான். முகத்தை ஒருமுறை பார்த்தேன். அப்புறம் யாரோ "தூக்குங்கப்பா" என்றார்கள். அவன் தோள் கொடுக்கப் போக வேண்டும், போனை அணைக்கவும் மனசில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். திரை இருட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு எனக்குக் கேட்டதெல்லாம் துணி உரசும் சத்தமும், செருப்பில்லாத கால்கள் மண்ணில் நடக்கிற சத்தமும், அவனுடைய மூச்சும்தான். சமையலறையில் நின்றபடி, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர்கள் போய்ச் சேரும்வரை நானும் நடந்தேன். ஜன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல்.

முதலில் போனவன் இவன் இல்லை. 2021 மே மாதம் கொரோனா எங்களில் ஒருவனைக் கொண்டுபோனது. அப்போது ஆஸ்திரேலியாவை விட்டு வெளியே போகவே அரசின் அனுமதி வேண்டும். அந்த மே நடுப்பகுதி வரை இந்தியாவிலிருந்து விமானங்களும் வரவில்லை. அடைத்துவிட்டார்கள், நான் என்ன செய்ய என்று மனதை ஆற்றிக்கொண்டேன். இந்த முறை கதவு திறந்துதான் இருந்தது. மறுநாளே எடுத்துவிட்டார்கள், கிளம்பியிருந்தாலும் முகம் பார்த்திருக்க முடியாது. கணக்கு சரிதான். மனசு அந்தக் கணக்கை ஏற்கவில்லை.

நண்பனை இழந்தவர்களைப் பற்றி இந்த நாட்டில் 26,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தகவல்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. உடம்பிலும் மனதிலும் அந்த இழப்பின் பாதிப்பு 4 ஆண்டுகள் வரை இருக்கிறது என்கிறார்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துகொண்டிருந்தேன்.

மற்றபடி இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. அக்டோபர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, ஏப்ரலில் மறுபடி பின்னால் இழுப்பதுகூடப் பழகிவிட்டது. அவனுக்குத்தான் கடைசிவரை அது பிடிபடவில்லை. "மணியை எப்படிடா மாத்துவாங்க? சூரியன்கிட்ட கேட்டாங்களா?" என்பான். ஒவ்வொரு அக்டோபரிலும் இங்கே பத்தரைதான் ஆகிறது என்று நினைத்துப் பதினொன்றரைக்குக் கூப்பிடுவான். தூக்கக் கலக்கத்தில் நான் திட்டத் திட்டச் சிரிப்பான்.

போன நவம்பர் 11ஆம் தேதி மெல்போர்ன் போர் நினைவாலயத்துக்குப் போனேன். 1934இல் திறந்த கட்டடம். உள்ளே நடுவில் ஒரு பளிங்குக் கல்லைத் தரைமட்டத்துக்குக் கீழே பதித்திருக்கிறார்கள். குனிந்துதான் படிக்க முடியும். வருஷத்தில் அந்த ஒரு நாள், காலை 11 மணிக்கு, கூரையிலிருக்கும் துவாரம் வழியே சூரியக் கதிர் இறங்கி, கல்லில் 'அன்பு' என்ற சொல்லின் மேல் விழும். 1971இல் டேலைட் சேவிங் வந்ததும் கடிகாரம் மாறியது, சூரியன் மாறவில்லை. ஆகவே கண்ணாடி வைத்துக் கதிரைத் திருப்பி 11 மணிக்குக் கொண்டுவருகிறார்கள். அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று கை தானாகப் போனை எடுத்துவிட்டது.

கல்லில் இருப்பது யோவான் 15:13இன் முதல் பாதி மட்டும். இதைவிடப் பெரிய அன்பு யாரிடமும் இல்லை என்பதோடு நின்றுவிடுகிறது. யாருக்காக என்பது ஆங்கில வசனத்தின் கடைசிச் சொல், அது கல்லில் இல்லை. தமிழில் அந்த வசனம், "ஒருவன் தன் சிநேகிதருக்காக" என்றுதான் ஆரம்பிக்கும். கூட்டத்தில் தலை குனிந்து நின்று, நம் மொழியிலேயே அதை முழுதாகச் சொல்லிக்கொண்டேன். இரண்டு பேருக்காகவும்.

அன்றிரவு பதினொன்றரைக்குப் போன் அடித்தது. அம்மா.

"என்னப்பா, தூங்கிட்டியா? அங்க பத்தரைதானே? காலண்டர்ல அவன் நாலரை மணி நேரம் கூட்டணும்னு எழுதி வச்சிருக்கான். அதைப் பாத்துதான் கூப்பிட்டேன்."

"ஆமாம்மா," என்றேன். "பத்தரைதான். சொல்லுங்கம்மா."