எத்தனை வருடத்துக்கு?

பிப் (PIP) என்பது பிரித்தானியாவில் நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசு தரும் கொடுப்பனவு. அதற்கான மேல்முறையீட்டில் நான் பக்கத்தில் இருந்து வாதாடிய ஒரு அக்கா வென்றுவிட்டார். சமைப்பது, உடுப்பது போன்றவை எவ்வளவு கடினம் என்று பார்க்கும் அன்றாட வாழ்வுப் பகுதியில், கொடுப்பனவைத் தீர்மானிக்கும் அரசுத் திணைக்களம் கொடுத்திருந்தது 4 புள்ளி, தீர்ப்பாயம் அதை 10 ஆக்கியது. 8 இருந்தாலே சாதாரண வீதத்தில் பணம் கிடைத்துவிடும். சந்தோஷமாகக் கோப்பை மூடியிருக்க வேண்டிய வழக்கு. ஆனால் விசாரணையின் கடைசியில் கதைத்த நாலு வசனம் இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

தீர்ப்பாயக் குழுவில் இருந்த வைத்தியர் கேட்டார், முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பதிந்திருக்கிறீர்களா என்று.

"ஓம், லிஸ்டில இருக்கிறன். செய்தால் நல்லா நடக்கலாம் எண்டு டொக்டர் சொல்லுறார். எல்லாம் சரிவரும் எண்டு நம்புறன்."

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னார். வைத்தியர் எதையோ குறித்துக்கொண்டார். நீதிபதி என் பக்கம் திரும்பி, வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்றார். இல்லை என்றேன்.

தீர்ப்பில், கொடுப்பனவு மூன்று வருடத்துக்கு என்று இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று வருடம் அவர் விண்ணப்பித்த 2022 வசந்தத்திலேயே தொடங்கிவிட்டது. விசாரணை நடந்ததோ 2023 டிசம்பரில். பாதிக்கு மேல் ஏற்கெனவே கரைந்துபோய், நிலுவைப் பணமாகத்தான் கைக்கு வந்தது.

புள்ளிகளைப் பொறுத்தவரை தீர்ப்பாயம் பின்னோக்கித்தான் பார்க்கும். திணைக்களம் முடிவெடுத்த அன்று ஆள் எப்படி இருந்தார் என்பதுதான் கேள்வி. அதற்குப் பிறகு கூடினாலும் குறைந்தாலும் கணக்கில் வராது. ஆனால் காலத்தைத் தீர்மானிக்கும்போது மட்டும் முன்னோக்கிப் பார்க்கிறார்கள். 2012ஆம் ஆண்டு நலன்புரிச் சீர்திருத்தச் சட்டமே, பொருத்தமில்லை என்றால் தவிர, குறித்த காலத்துக்குத்தான் கொடுக்கச் சொல்கிறது. சட்டியைத் தூக்க முடியுமா, தலை கழுவ யார் உதவி என்று ஒரு மணித்தியாலம் துருவுகிறவர்கள், எத்தனை வருடம் என்பதைப் பற்றி நேராக ஒரு கேள்வி கேட்பதில்லை. கேட்டது அந்தச் சத்திரசிகிச்சைக் கேள்விதான் என்பது எனக்கே வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது.

சரி, என்ன சொல்லியிருக்கலாம்? புள்ளி கிடைக்குமா என்றே தெரியாத நேரத்தில் வருடத்தைப் பற்றிப் பேரம் பேசுவது நல்லதாகப் படவில்லை, இன்றும் படவில்லை. அதோடு, நம்பிக்கையோடு இருக்கும் ஒரு மனுஷிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தச் சிகிச்சை சரிவராமலும் போகலாம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் இவருக்குக் கைகளிலும் முடக்குவாதம் இருந்தது. முழங்காலை மாற்றினால் விரல்கள் நிமிராது. அதைச் சொல்லியிருக்கலாம். பிறகு தீர்ப்பை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். சமையலுக்கு 4, உடுப்பு மாற்றுவதற்கு 2, ஆக கைகளால் வந்தது 6. மிச்சம் 4 முழங்காலால் வந்தது. கைகள் மட்டும் என்றால் 8 வராது. அப்படியென்றால் வைத்தியர் குறித்துக்கொண்டது சரிதானோ? இந்த இடத்துக்கு வந்ததும் என் வாதம் எனக்கே நொண்டுகிறது.

தீர்ப்பு வந்த கிழமை அக்கா தொலைபேசியில் கேட்டார். "தம்பி, இந்த மூண்டு வருசத்தைக் கூட்டிக் கேக்கேலாதோ?" கேட்கலாம், ஆனால் லேசில்லை. ஒரு மாதத்துக்குள் விரிவான காரணங்களை எழுதித்தரச் சொல்லிக் கேட்க வேண்டும். அதில் சட்டப் பிழை இருந்தால்தான் மேல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே வென்றாலும் வழக்கு புதிய குழுவுக்குத் திரும்பலாம், அந்தக் குழு 10 புள்ளியையும் முதலிலிருந்து பார்க்கலாம். காலத்தைக் கூட்டப் போய் காசையே இழந்தால்? விடுங்கோ அக்கா என்றேன். "நீங்கள் சொன்னால் சரி" என்றார். அந்தச் 'சரி'தான் எனக்குப் பாரம். அவர் சண்டை பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

2024 கோடையில் மீளாய்வுப் படிவம் வந்துவிட்டது. முடிவுத் தேதிக்கு ஒரு வருடம் முன்னாலேயே அவர்கள் தொடங்கலாம், அது விதிக்கு உட்பட்டதுதான். தீர்ப்பாயம் வைப்பது முடிவுத் தேதியை மட்டும். எப்போது மீளாய்வு என்பது திணைக்களத்தின் கையில். இதை ஒரு முறைக்கு இரண்டு முறை விளக்கியும் அக்கா சொன்னது இவ்வளவுதான்: "வெண்டு ஆறு மாசம் கூட ஆறுதலா இருக்கேல்லையே தம்பி."

இப்போதெல்லாம் எழுத்து மூலச் சமர்ப்பணத்தின் கடைசியில் காலத்துக்கென்று தனியாக ஒரு பந்தி எழுதுகிறேன்: எந்த நோய் மாறக்கூடியது, எது மாறாது, எந்தப் புள்ளி எதனால் வருகிறது என்று. அதனால் பயன் இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. கேட்காமலே ஐந்து வருடம் கிடைத்தவர்களும் இருக்கிறார்கள், பந்தி எழுதியும் இரண்டில் நின்றவர்களும் இருக்கிறார்கள். சில நேரம், சத்திரசிகிச்சையைப் பற்றி நாமே ஞாபகப்படுத்திக் கொடுக்கிறோமோ என்றும் தோன்றுகிறது.

படிவத்தை நிரப்ப வந்த அன்று அக்கா கேட்டார், ஒப்பரேஷனைப் பற்றி எழுதத்தான் வேணுமோ என்று. திகதி இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. எழுதத்தான் வேணும் என்றேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: பட்டியலில் இருக்கிறேன், திகதி இல்லை, கைகள் முன்பைவிட மோசம். சரிவரும் என்று நம்புகிறேன் என்று இந்த முறை அவர் சொல்லவில்லை. நான்தான் சொல்லவேண்டாம் என்றேனா, அவரே விட்டுவிட்டாரா என்று உறுதியாக ஞாபகம் இல்லை.