ஏர் ஃபிரையர் சத்தமும் அம்மாவின் சமையல் காதும்

மிக்ஸி ரிப்பேருக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வியும் கொண்டுவருகிறார்கள். "அண்ணே, ஏர் ஃபிரையர் வாங்கலாம்னு இருக்கோம். ரொம்ப சத்தம் போடுமாமே, நிஜமா?" தருமபுரி பென்னாகரம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். போர்வெல் மோட்டாரிலிருந்து டேபிள் ஃபேன் வரை சத்தத்தைக் கேட்டே பாதிக் கோளாறைப் பிடிக்கிற தொழில் எங்களுடையது. கடை வாசலில் நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லிவிட முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மிக்ஸியோடு வைத்துப் பார்த்தால் ஏர் ஃபிரையரின் சத்தம் குறைவுதான். எங்கள் வீட்டில் போனை வைத்து அளந்து பார்த்தேன். தேங்காய் அரைக்கும்போது மிக்ஸி 85 டெசிபலைத் தாண்டியது. ஏர் ஃபிரையர் ஒரு கை தூரத்தில் 60ஐ ஒட்டி நின்றது. போன் காட்டுவது துல்லியமான அளவு இல்லை. ஆனால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட அது போதும். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். அப்படியென்றால் இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 60 என்பது இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுகிற அளவு.

தொந்தரவு அங்கேதான் இருக்கிறது. மிக்ஸி ஓடும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு நிற்கிறோம், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஏர் ஃபிரையர் பதினைந்து, இருபது நிமிடம் விடாமல் ஓடும். பேச்சின் அளவிலேயே ஓடுவதால் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை, குரலைத்தான் உயர்த்துகிறார்கள். "என்ன சொன்ன?" என்று இரண்டு தரம் கேட்கிறார்கள். வீடே கொஞ்சம் கோபமாகப் பேசுவது போல ஆகிவிடுகிறது.

இதை நான் சரியாகப் புரிந்துகொண்டது அம்மாவால். அம்மாவுக்கு வயதாகிக் கண் பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் அடுப்படியை விட்டுக்கொடுக்க மாட்டார். கேட்டுக் கேட்டே சமைக்கிறார். கடுகு வெடிப்பு அடங்கினதும் உளுத்தம்பருப்பைப் போடுவார். பால் பொங்கும் முன் பாத்திர ஓரத்தில் மெல்லிசாக 'சுர்'ரென்று ஒரு சத்தம் வரும், அதற்குள் கை கேஸைக் குறைத்துவிடும். ராகிக் களிக்கு மாவு வேகும்போது 'புளக் புளக்' என்று குமிழி வெடிக்கும். அந்த வெடிப்பு கனத்து மெதுவானால் துடுப்பை எடுத்துக் கிண்ட ஆரம்பிப்பார். வடை சுடும்போது சட்டிக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மாவில் இருக்கிற ஈரம் ஆவியாகி எண்ணெய்க்குள் குமிழியாக வெளியேறுவதுதான் அந்தச் சலசலப்பு. ஈரம் குறையக் குறையச் சத்தம் அடங்கும். "சலசலப்பு அடங்கிருச்சு, எடு" என்று சொன்னால், எடுத்துப் பார்க்கையில் நிறம் சரியாக இருக்கும்.

தங்கை பெங்களூரிலிருந்து ஏர் ஃபிரையர் வாங்கி வந்தாள். எண்ணெய் குறையட்டும் என்கிற நல்ல எண்ணம். டச் பட்டன் வைத்த மாடல் வேண்டாம், திருகு வைத்ததே வாங்கு என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். வழவழவென்ற கண்ணாடியில் எங்கே தொடுவது என்று அம்மாவுக்குத் தெரியாது. திருகு என்றால் தடவிப் பார்த்தே வைத்துவிடலாம், நேரம் முடிந்தால் 'டிங்' என்று மணியும் அடிக்கும். அதில் குறை எதுவும் இல்லை. ஆனால் அது ஓட ஆரம்பித்ததும் அம்மா அடுப்புப் பக்கம் தடுமாறினார். "எதுவும் காதுல விழ மாட்டேங்குது, அதை நிறுத்து சாமி" என்றார். குக்கர் விசில் கேட்கிறது. அது உரத்த, கூர்மையான சத்தம். கேட்காமல் போனது மெல்லிசான சத்தங்கள். ஏர் ஃபிரையர் போடுவது காற்றின் 'ஸ்ஸ்ஸ்'. பால் ஓரத்தில் சுர்ரிடுவதும் எண்ணெய் அடங்குவதும் அதே ஜாதிச் சத்தம். ஒன்று இன்னொன்றை விழுங்கிவிடுகிறது. பெட்டிக்குள் போட்ட வடையோ எந்தச் சேதியும் சொல்வதில்லை. இழுத்து, கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? பெயரில் 'ஃபிரை' இருந்தாலும் இது ஒரு குட்டி ஓவன். மேலே சுருளாக ஹீட்டிங் காயில், அதற்கும் மேலே ஒரு விசிறி. சூடான காற்றை வேகமாகச் சுழற்றி, கூடையில் இருப்பதன் மேல் ஈரத்தை அடித்து எடுக்கிறது. பிலிப்ஸ் கம்பெனி 2010இல் முதலில் கொண்டுவந்ததிலிருந்து அடிப்படை வேலை மாறவில்லை. காற்று வேகமாக ஓடாவிட்டால் மொறுமொறுப்பு வராது. அதனால் சத்தமே இல்லாத ஏர் ஃபிரையர் என்று யாராவது விற்றால் எனக்கு நம்பிக்கை இல்லை.

ரிப்பேருக்கு வந்த ஒன்றைக் கடையில் பிரித்தபோது எடுத்த குறிப்பு இது. ஒரே ஷாப்ட்டில், அதாவது சுழலும் தண்டில், இரண்டு பிளேடு. கீழே இருப்பது உணவுக்குக் காற்றடிக்கிறது. மேலே இருக்கிற சின்னது மோட்டாரையே குளிர வைக்கிறது, ஹீட்டிங் காயிலின் சூடு மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பியை எரித்துவிடக் கூடாது என்று. ஆகக் காற்றுச் சத்தம் இரண்டு இடத்திலிருந்து. அதோடு மோட்டாரின் 'ம்ம்ம்': நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று, ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் என்று அந்த அதிர்வு மோட்டாருக்குள் இருக்கும் இரும்புத் தகட்டில் நொடிக்கு 100 தரம் விழும். இது எல்லாமே இருக்க வேண்டிய சத்தம். அந்த மிஷினுக்கு வந்த வியாதி வேறு. அந்த வீட்டில் அதில் வேர்க்கடலை வறுத்திருக்கிறார்கள். கடலைத் தோல் காற்றில் பறந்து மேலே போய், எண்ணெய்ப் பிசுக்கோடு கீழ் பிளேடின் ஒரே பக்கத்தில் அப்பிக் காய்ந்திருந்தது. ஒரு பக்கம் எடை கூடினால் பிளேடு ஆடும், ஆட ஆட, ஷாப்ட்டைத் தாங்கும் புஷ் தேயும், 'கரகர' என்று உறுமும். பிளேடைச் சுத்தம் செய்து புஷ்ஷை மாற்றியதும் பழையபடி 'ஸ்ஸ்ஸ்'ஸுக்கு வந்துவிட்டது. நம் ஊரில் கடலை வறுக்காமல் இருக்கப் போவதில்லை. தோலோடு வறுப்பதாக இருந்தால் மேலே கம்பி வலைத் தட்டு ஒன்றைப் பாரமாக வைத்து மூடி வறுங்கள். அப்பளம், கறிவேப்பிலை, வெறுமனே போடும் பட்டர் பேப்பர் இதெல்லாமும் பறக்கும். 'டக் டக்' என்று கேட்டால் மேலே ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிடுங்கள், காயிலில் பட்டால் கருகும்.

பயப்பட வேண்டாத சத்தங்களையும் சொல்லிவிடுகிறேன், சும்மா தூக்கிக்கொண்டு வருகிறார்கள் பாவம். திருகு மாடலில் நேரம் ஓடும் 'டிக் டிக்' ஸ்பிரிங் டைமர். சில மாடலில் மணியடித்த பிறகும் விசிறி கொஞ்ச நேரம் சுற்றும், அது சூட்டைத் தள்ளுகிறது. ஆறும்போது தகரம் 'டிங் டிங்' என்று சுருங்கும். 'கீச்' என்று இழுத்தால் மட்டும் கொண்டு வாருங்கள், புஷ் காய்ந்திருக்கும்.

கிராமத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். சாயந்திரம் வோல்டேஜ் இறங்குகிற ஊர்களில் இது அதிக நேரம் கத்தும். 230 வோல்ட்டுக்குச் செய்த காயிலுக்கு 190 கிடைத்தால், சூடு மூன்றில் இரண்டு பங்குதான் வரும். வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்றபடி வாட் இறங்கும். பெட்டியில் பதினைந்து நிமிடம் என்று போட்டிருப்பது அங்கே இருபதைத் தாண்டும். அத்தனை நேரமும் சத்தம். பலர் மிஷின் மேல் பழி போடுகிறார்கள், கோளாறு லைனில். 1500 வாட் மிஷின் ஆறரை ஆம்பியர் இழுக்கும் என்பதால் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மட்டும் மாட்டாதீர்கள், 16 ஆம்பியர் பாயிண்ட்டில் நேராக மாட்டுங்கள்.

எங்கள் வீட்டில் சத்தத்தைக் குறைக்கச் செய்தது பெரிய வேலை இல்லை. முதலில் கிரானைட் மேடையின் மூலையில், எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் டைல்ஸ், கீழே கல். சத்தம் போக வழியில்லாமல் திரும்பித் திரும்பி வருகிறது. தட்டுகள் வேறு கூடச் சேர்ந்து கிணுகிணுத்தன. மூலையிலிருந்து எடுத்து, பின்னால் சூடு வெளியேறும் பக்கம் ஒரு சாண் விட்டு, அடியில் ரப்பர் ஷீட் போட்டேன். தட்டுச் சத்தம் போய்விட்டது, உறுமலும் குறைந்தது. காற்றுச் சத்தம் அப்படியேதான் இருக்கிறது, அதற்கு ரப்பர் உதவாது. அதனால் பிறகு அடுப்படியிலிருந்தே எடுத்துப் பின்பக்கத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். அங்கே வாஷிங் மெஷினுக்கு இழுத்த பாயிண்ட் இருந்தது. அம்மா தாளிப்பும் பாலும் களியும் முடிக்கும் வரை அதை யாரும் போடக் கூடாது என்பது இப்போது வீட்டுச் சட்டம். பிறகு என் மனைவி கருணைக்கிழங்கோ கோழியோ உள்ளே வைத்துத் திருகிவிடுவாள்.

ஒரு ஆதங்கம் இருக்கிறது. நான் பார்த்த பெட்டிகளில் வாட் போட்டிருக்கிறார்கள், லிட்டர் போட்டிருக்கிறார்கள், எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எத்தனை டெசிபல் என்று போடவில்லை. ஐரோப்பாவில் பிரிட்ஜ், வாஷிங் மெஷின் லேபிளில் டெசிபலைப் போட்டே ஆக வேண்டும். இங்கே 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து மணிக்கு மேல் 45 என்று வைத்திருக்கின்றன. அது வெளியே தெருவுக்கான கணக்கு. வீட்டுக்குள் தினமும் காதுக்குப் பக்கத்தில் ஓடும் சாமானுக்கும் ஒரு எண் அச்சடிப்பதில் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடித்து நள்ளிரவில் வந்து சாப்பாடு சூடு செய்கிறவர் வீட்டில் கைக்குழந்தை தூங்கும். வயதானவர் இருக்கும் வீடு, காது மெஷின் வைத்திருப்பவர் இருக்கும் வீடு எல்லாம் உண்டு. அவர்களுக்கு லிட்டரை விட அந்த எண்தான் முக்கியம்.

எண் கிடைக்காத வரை நீங்களே கேட்டுப் பாருங்கள். கடையில் டிஸ்பிளேயில் இருப்பதைக் காட்டி, பிளக் போட்டு, காலிக் கூடையோடு 200 டிகிரியில் இரண்டு நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் டிவி ஓடினால் நிறுத்தச் சொல்லுங்கள். கூட வந்தவரிடம் சாதாரணக் குரலில் ஏதாவது கேளுங்கள், அவர் திரும்பக் கேட்காமல் பதில் சொல்கிறாரா பாருங்கள். மேல் மூடியில் கை வையுங்கள். லேசான அதிர்வு இருக்கலாம், ஆட்டம் இருக்கக் கூடாது. கூடையை இழுத்து விட்டுப் பாருங்கள், லொடலொடவென்று உட்கார்ந்தால் அது ஓடும்போதும் லொடலொடக்கும். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.