பார்மகாலஜி அரியரும் ஆறாம் நம்பர் கட்டிலும்

பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் வருடத்தில் பார்மகாலஜியில் எனக்கு அரியர் விழுந்தது. 2014 ஆகஸ்ட் தேர்வு. படிக்காமல் போய் எழுதியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஹாஸ்டல் வராண்டாவில் நடந்து நடந்து உருப்போட்டவள் நான். பெனிசிலின் 1928, ஃபிளெமிங். ஆஸ்பிரின் வேலை செய்யும் விதத்தை 1971-ல் சொன்னவர் ஜான் வேன், அதற்கு 1982-ல் நோபல். எல்லாம் எழுதினேன். ரிசல்ட்டில் மட்டும் பெயருக்கு நேராக அந்த எழுத்து.

கோபம் அடங்கிய பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. ஒவ்வொரு கேள்வியின் வாலிலும் "செவிலியரின் பொறுப்புகள்" என்று ஒரு பகுதி கேட்பார்கள். ஆன்டிபயாட்டிக்கோ ஸ்டீராய்டோ வலி மருந்தோ, எதைக் கேட்டாலும் நான் எழுதியது அதே நாலு வரி: சரியான நோயாளியா பார்க்கணும், சரியான டோஸா பார்க்கணும், வைட்டல்ஸ் பார்க்கணும், பக்க விளைவு வந்தால் டாக்டரிடம் சொல்லணும். பிள்ளையார் கோயில் பொங்கல் மாதிரி எல்லார் இலையிலும் ஒரே கரண்டி. திருத்துகிறவருக்கு இவள் அந்த மருந்தைக் கையால் தொட்டதே இல்லை என்று தெரியாமலா போகும்?

பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். "நுண்ணுயிர் எதிரி" என்று படித்தது திடீரென்று மேக்ரோலைடு, அமினோகிளைகோசைடு, ஃப்ளோரோகுயினோலோன் என்று கூட்டமாக வந்து நின்றால் மிரட்சியாகத்தான் இருக்கும். ஆனால் மொழி மேல் பழி போட்டு நான் தப்பிக்கப் பார்த்ததும் உண்மை. ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டிய என் ரூம்மேட்டுக்கும் அரியர்தான்.

பிப்ரவரி அரியர் தேர்வுக்கு முன்னால் பெண்கள் மெடிக்கல் வார்டில் போஸ்டிங் விழுந்தது. அங்கே இன்சார்ஜ் மேடம் ரிட்டையர் ஆக நாலு வருடம் இருந்தவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் கேஸ் ஷீட் படிப்பார். எனக்கு அரியர் என்று யாரோ போட்டுக் கொடுத்திருந்தார்கள். "பார்மகாலஜியா? புஸ்தகத்த மூடி வை. ஆறாம் நம்பர் கட்டில்ல ஒரு அப்பத்தா வந்திருக்கு, அதுக்குப் போற மருந்த மட்டும் படி" என்றார். ஒரு கிழவியை வைத்து ஒரு பாடத்தையே எப்படிப் படிப்பது என்று எனக்கு எரிச்சல்.

அப்பத்தாவுக்கு அறுபத்தெட்டு வயது. காலில் முள் குத்திச் சீழ் பிடித்து, முழங்காலுக்குக் கீழே சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. சுகர் 340. சுகர் இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். காய்ச்சல் மட்டும் இல்லை. இவ்வளவு சீழ் இருந்தும் உடம்பு சுடவில்லையே என்று மேடம் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார். அதன் அர்த்தம் அடுத்த நாள் ராத்திரிதான் எங்களுக்குத் தெரிந்தது.

முதல் பாடம் அப்போதே ஆரம்பித்துவிட்டது. செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி எழுதியிருந்தார்கள். நான் வயலை எடுத்துக்கொண்டு ஓடினேன். "சீழ் கல்ச்சருக்குப் போயிருச்சா?" போகவில்லை. கல்ச்சர் என்றால் லேபில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது; முதல் டோஸ் உள்ளே போய்விட்டால் அதில் கிருமி வளராமலே போகலாம். பிறகு எந்த மருந்துக்கு அது சாகும் என்று தெரியாமல் குருட்டாம்போக்கில் ஆன்டிபயாட்டிக்கை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முதலில் ஸ்வாப் எடுத்தோம். அப்புறம் டெஸ்ட் டோஸ்: முன்கையில் தோலுக்குள் 0.1 மில்லி, சுற்றி பேனாவால் ஒரு வட்டம், பக்கத்தில் நேரம். அலர்ஜி வந்தால் போட ட்ரேயில் அட்ரினலின் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஊசியையே தொட விட்டார். இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தோம். தடிப்பு இல்லை.

மருந்தைக் கரைத்து, நரம்பில் குத்தி வைத்திருந்த வென்ஃப்ளானில் சிரிஞ்சைப் பொருத்தப் போனேன். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தார். "மேல என்ன ஓடுது?"

"ஆர்.எல். மேடம்."

"ஆர்.எல்.லுல என்ன இருக்கு?"

ஆர்.எல். என்றால் ரிங்கர் லாக்டேட், டிரிப்பில் ஏற்றுகிற உப்புத் தண்ணீர். சோடியம், பொட்டாசியம், லாக்டேட் என்று இழுத்தேன். கால்சியத்தில் வந்து நின்றபோது அவர் என் முகத்தைப் பார்த்தார். செஃப்ட்ரையாக்சோனும் கால்சியமும் சேர்ந்தால் படிவு உண்டாகும். பச்சைக் குழந்தைகளில் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் அந்தப் படிவு போய்த் தங்கி உயிர் போயிருக்கிறது. பெரியவர்களுக்கு டிரிப்பை நிறுத்தி, நார்மல் சலைனால் லைனைக் கழுவி, மருந்தை இரண்டு முதல் நாலு நிமிஷத்தில் மெதுவாகப் போட்டு, மறுபடி கழுவிவிட்டுத்தான் ஆர்.எல்.லைத் திறக்க வேண்டும். புத்தகத்தில் இது ஒரே வரி. நான் மஞ்சள் மார்க்கர் கூடப் போட்டிருந்தேன். மணிக்கட்டைப் பிடித்த பிறகு மார்க்கர் தேவைப்படவில்லை.

மறுநாள் நைட் டியூட்டி. பதினொரு மணிக்கு அப்பத்தா வாந்தி எடுத்தார். கூப்பிட்டால் ம்ம் என்கிறார், கண் திறக்கவில்லை. பி.பி. 80/50. சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். டூட்டி டாக்டர் வந்து டிரிப்பை வேகமாக ஓட்டச் சொன்னார். பி.பி. ஏறவில்லை. அன்றைக்கு மேடமும் நைட்டில் இருந்தார். அப்பத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், மகளிடம் திரும்பினார்.

"ஏம்மா, ஒங்கம்மாவுக்கு மூஞ்சி எப்பவுமே இப்படி உருண்டையாவா இருக்கும்?"

"இல்ல சிஸ்டர், இந்த ஒரு வருஷமாத்தான். நல்லா சதை போட்டிருச்சுன்னு நெனச்சோம்."

"மூட்டு வலிக்கு என்ன சாப்பிடுறாங்க?"

மகள் தலையணைக்கு அடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். வெற்றிலை, புகையிலை, நாலு பத்து ரூபாய்த் தாள். அடியில் செய்தித்தாளில் மடித்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் மாத்திரை, ஒரு பெரிய வெள்ளை, ஒரு குட்டி வெள்ளை. மெடிக்கலில் "மூட்டு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்றால் கொடுப்பார்களே, அதுதான். ஒரு வருடமாகத் தினம் ரெண்டு செட். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்குக் காலையிலிருந்து நிறுத்தியாயிற்று.

அந்தக் குட்டி வெள்ளை ஸ்டீராய்டாக இருக்கும் என்று மேடம் சொன்னார். டாக்டர் முழங்கையில் இருந்த ரத்தக்கட்டுகளையும் காகிதம் மாதிரி இருந்த தோலையும் பார்த்துவிட்டு ஸ்டீராய்டு ஊசியான ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஐ.வி. எழுதினார். லோடு பண்ணிக் கொடுத்தது நான். விடியும்போது பி.பி. 110-க்கு வந்திருந்தது. அப்பத்தா கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "எம் பையி எங்கத்தா?"

காலையில் டீ குடிக்கும்போது மேடம் கேட்டார், உங்க ஊரில் கண்மாய் இருக்கிறதா என்று. இருக்கிறது. அப்படியானால் கேள் என்று ஆரம்பித்தார். செல் சவ்வில் இருக்கிற கொழுப்புதான் கண்மாய். மடையைத் திறந்தால் வருகிற தண்ணீர் அராக்கிடோனிக் அமிலம். அது இரண்டு வாய்க்காலாகப் பிரியும். ஒரு வாய்க்கால் ப்ராஸ்டாகிளாண்டின்: வலி, வீக்கம், காய்ச்சல் என்கிற வயலுக்குப் பாய்கிறது. அதே தண்ணீர்தான் வயிற்றின் உள்பூச்சுக்கும், சிறுநீரகத்துக்குப் போகிற ரத்த ஓட்டத்துக்கும் பாய்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் அந்த வாய்க்கால் வாயை அடைக்கிற வேலை. வலி வயல் காயும், கூடவே வயிறும் காயும். அதனால்தான் வெறும் வயிற்றில் தராதே, மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறதா கேள், யூரின் அளவு பார் என்பதெல்லாம். இரண்டாவது வாய்க்கால் லூக்கோட்ரையீன், மூச்சுக்குழாயை இறுக்குவது. முதல் வாயை அடைத்தால் தண்ணீர் இந்தப் பக்கம் பெருகும். சில ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆஸ்பிரின் போட்டதும் இழுப்பு வருவது இதனால்தான். ஸ்டீராய்டு இருக்கிறதே, அது வாய்க்காலுக்கெல்லாம் போகாது. நேரே மடையிலேயே பலகையைப் போட்டுவிடும்.

ஜான் வேனுக்கு நோபல் கிடைத்த வருடம் எனக்குத் தெரியும். அவர் கண்டுபிடித்தது இந்த வாய்க்கால் வாயைத்தான் என்று தெரியாது!

காய்ச்சல் ஏன் வரவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. மடை மூடியிருக்கும்போது கிருமி பெருகினாலும் உடம்பு சூடு காட்டாது. சுகர் ஏறியதிலும் ஸ்டீராய்டுக்குப் பங்கு உண்டு. ஒரு வருடமாக வெளியிலிருந்து வந்துகொண்டிருந்ததால், உடம்புக்குள் ஸ்டீராய்டு சுரக்கிற அட்ரினல் சுரப்பி தன் வேலையையே மறந்து தூங்கிவிட்டது. திடீரென்று நிறுத்தியதும் பி.பி. விழுந்துவிட்டது. ஒரே கிழவியிடம் ஸ்டீராய்டு அத்தியாயம் முழுக்க இருந்தது.

மூன்றாம் நாள் கிரியேட்டினின் 1.8 வந்தது, சிறுநீரகம் தடுமாறுகிறது என்று அர்த்தம். வலி மருந்தில் டைக்ளோஃபெனாக்கை அடித்துவிட்டு பாராசிட்டமால் எழுதினார்கள். (சிறுநீரகத்துக்கும் டைக்ளோஃபெனாக்குக்கும் உள்ள பகையை எனக்கு மறக்காமல் வைத்தது பாறு கழுகுகள். மாட்டுக்குப் போட்ட மருந்து பிணத்தோடு கழுகு வயிற்றுக்குள் போய், சிறுநீரகம் கெட்டு இந்தியா முழுக்கக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கால்நடைக்கு அதை 2006-ல் தடை செய்தார்கள்.)

கல்ச்சர் ரிப்போர்ட்டில் எம்.ஆர்.எஸ்.ஏ. அதாவது செஃப்ட்ரையாக்சோனுக்கெல்லாம் மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ். கிரியேட்டினினைக் கணக்குப் பார்த்து வான்கோமைசின் ஆரம்பித்தார்கள். என் தப்பு நடந்தது இங்கேதான்.

1 கிராம், 250 மில்லி சலைனில். நிமிஷத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, ஆக 100 நிமிஷம். மில்லிக்கு 20 சொட்டு விழுகிற செட்டில் நிமிஷத்துக்கு 50 சொட்டு. மேடம் வாட்சைப் பார்த்து எண்ணி வைத்துவிட்டுப் போனார். ஒன்றரை மணிக்குக் காலேஜ் பஸ். பாட்டிலில் பாதி மீதி இருந்தது. கொஞ்சம்தானே என்று சொட்டு வேகமாக விழ ரோலரை மேலே தள்ளினேன். பத்து நிமிஷம் ஆகியிருக்காது, அப்பத்தா கழுத்தைச் சொறிந்தார். மார்பு, கழுத்து, முகம் எல்லாம் செம்பருத்திப் பூ மாதிரி. "தீயா எரியுதுத்தா" என்றார்.

ஓடி வந்து டிரிப்பை நிறுத்தியவர் மேடம். பி.பி. பார்த்து, டாக்டரைக் கூப்பிட்டு, அரிப்பை அடக்குகிற அவில் ஊசி ஒன்று போட்டு, அடங்கிய பிறகு பாதி வேகத்தில் மறுபடி ஓட்டினார்கள். இது நிஜ அலர்ஜி இல்லை. மருந்து வேகமாகப் போனால் மாஸ்ட் செல்லிலிருந்து, அரிப்பையும் சிவப்பையும் உண்டாக்குகிற ஹிஸ்டமின் நேரடியாகக் கொட்டுகிறது, அவ்வளவுதான். அப்போது இதை ரெட் மேன் சிண்ட்ரோம் என்போம், இப்போது வான்கோமைசின் இன்ஃப்யூஷன் ரியாக்ஷன் என்கிறார்கள். கேஸ் ஷீட்டில் "வான்கோமைசின் அலர்ஜி" என்று நான் எழுதப் போனதைத்தான் மேடம் கடுமையாகத் திட்டினார், ரோலரைத் தள்ளியதை விடவும். அப்படி ஒரு வரி எழுதிவிட்டால், நாளைக்கு அந்த மருந்து ஒன்றுதான் கேட்கும் என்ற நிலைமையிலும் யாரும் அதைத் தர மாட்டார்கள். நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். மீதி பாட்டில் முடியும் வரைக்கும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொட்டு எண்ணினேன்.

அதற்குப் பிறகு படித்த முறையே மாறிவிட்டது. நீள நோட்டு ஒன்று வாங்கி, மருந்துக்கு ஒரு பக்கம். கொடுக்கும் முன் எதைப் பார்ப்பேன், எதோடு சேர்க்க மாட்டேன், எவ்வளவு வேகம், அன்றைக்கு எதைக் கவனிப்பேன், வீட்டுக்குப் போகும்போது என்ன சொல்லி அனுப்புவேன், இவ்வளவுதான். ஜென்டாமைசின் பக்கத்தில் "காதில் இரைச்சல் இருக்கா? யூரின் எவ்வளவு?" டாக்ஸிசைக்ளின் பக்கத்தில் "டம்ளர் நிறையத் தண்ணி, அரை மணி நேரம் படுக்கக் கூடாது, பாலோடு வேண்டாம்." மெட்ரோனிடசோலுக்கு "சாராயம் ஆகாது, வாயில் இரும்பு ருசி வரும், பயப்படாதே." டி.பி. மாத்திரைகளுக்கு மூன்று பக்கம் ஆனது: ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று முதல் நாளே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்திவிடுவார்கள்; கருத்தடை மாத்திரையும் அதோடு சரியாக வேலை செய்யாது. எத்தாம்பியூட்டால் பார்வையைக் கெடுக்கலாம், அதனால் பச்சை சிவப்பு தெரிகிறதா என்று சேலைக் கரையைக் காட்டிக் கேட்கலாம். ஐசோனியசிட்டுக்குக் கை கால் மரமரப்பு, அதைத் தடுக்கக் கூடப் பைரிடாக்ஸின் என்ற வைட்டமின். டி.பி.க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதும், சானடோரியம் வேண்டியதில்லை என்று உலகத்துக்குக் காட்டியது 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வுதான். வீட்டில் சாப்பிட வைப்பது என்றால் சொல்லி அனுப்புவதில்தானே எல்லாம் இருக்கிறது.

அப்பத்தா மூன்று வாரம் கழித்து டிஸ்சார்ஜ் ஆனார். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாதே, பிரெட்னிசோலோன் மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மகளுக்குப் படிக்கத் தெரியாது. மேடம் ஒரு தினசரி காலண்டரை வாங்கி வரச் சொல்லி, ஒவ்வொரு தாளிலும் அன்றைக்கு எத்தனை மாத்திரையோ அத்தனை புள்ளி வைத்தார். பாதி மாத்திரைக்கு அரை வட்டம். நானும் உட்கார்ந்து வைத்தேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தாளைக் கிழி, புள்ளியை எண்ணு, போடு.

பிப்ரவரியில் ஸ்டீராய்டு வந்தது, பெரிய கேள்வியாகவே. பொறுப்புகள் பகுதிக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பாஸ்.

2021-ல் கறுப்புப் பூஞ்சை வார்டில் போட்டார்கள். பூஞ்சை மருந்தான ஆம்ஃபோடெரிசினை டெக்ஸ்ட்ரோஸில் மட்டும்தான் கலக்கணும், சலைனில் கலந்தால் படிந்துவிடும் என்று புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நானும் மணிக்கட்டைத்தான் பிடித்தேன். அங்கே வந்தவர்களில் பலருக்கும் சுகர், பலருக்கும் கோவிட்டுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு. மடை நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

இப்போதும் அட்மிஷன் போடும்போது "வேற மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்பதில்லை, கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "பையைக் காட்டுங்க" என்பேன். போன வாரம் ஒரு தாத்தா சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். நாலு மாத்திரை மீதி இருந்தது, பெயர் இருந்த பக்கத்தைக் கத்தரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.