துவைக்கிற கல்லுக்குப் பின்னால்

சென்னை தாம்பரம் பக்கம் முடிச்சூரில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. முதல் தடவை போனபோது ஹால், சமையலறை, மொட்டை மாடி எல்லாம் பார்த்தோம். வெளியே ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

அடுத்த தடவை கொத்தனார் வேலை பார்க்கும் சித்தப்பாவைக் கூட்டிப் போனேன். அவர் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. நேரே கொல்லைப்பக்கம் போய், துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குனிந்தார். காம்பவுண்டு சுவர் முழுக்கப் புதுச் சுண்ணாம்பு. கல் மறைத்த இடத்தில் மட்டும் அடிக்கவில்லை. அங்கே முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே விரல் வைத்ததும் பூச்சு மாவாக உதிர்ந்தது. “2015 டிசம்பர்ல நின்ன தண்ணி தம்பி. எங்க சுவர்லயும் இதே உயரம்தான்” என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

சித்தப்பா டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்தார். தெருவைவிட வாசல் முக்கால் அடி பள்ளம். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் வேறென்ன ஆகும்?

அப்புறம் டேப். பத்திரத்தில் 40-க்கு 60, ஒரு கிரவுண்டு. முன்பக்கம் சரி, பின்பக்கம் 38½ அடிதான். பட்டாவோடு எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தையும் இணையத்தில் எடுத்துப் பார்த்தேன். அதில் அளவு மீட்டரில் இருக்கும், 3.28-ஆல் பெருக்க வேண்டும். பின்பக்கம் 12.2 மீட்டர், அதாவது 40 அடி. ஒன்றரை அடி பக்கத்து மனைக்குள் போயிருக்கிறது.

மூன்றாவது தடவை நல்ல மழையில் போனோம். இந்தப் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் மழையில் ஒரு நாள் போய் நிற்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. மாடித் தண்ணீர் இறங்கும் மழைநீர்த் தொட்டி சருகு அடைத்து நிரம்பி வழிந்தது. வழிந்த தண்ணீர் செப்டிக் டேங்க் மூடியைச் சுற்றித் தேங்கிக் கிணற்றுப் பக்கம் ஓடியது. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். கோலிஃபார்ம் கிருமி இருக்கிறது, குடிக்க லாயக்கில்லை என்று வந்தது.

வீட்டுக்கார அம்மாவிடம் கோடு, டேப் அளவு, பரிசோதனைச் சீட்டு மூன்றையும் காட்டிப் பேசினோம். சர்வேயரை வைத்து அளந்து, கையில் இருக்கும் 2,355 சதுர அடிக்கே விலை பேச ஒத்துக்கொண்டார். வாசலை உயர்த்துகிற செலவில் பாதியையும் கழித்தார். அதற்குப் பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தேன்.