சுற்றறிக்கை வந்தது, பை போகவில்லை

எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து ஒரு பருவம் முடிந்துவிட்டது. இப்போதுதான் இதை எழுத மனம் வருகிறது. வேறு எங்காவது யாராவது இதே வேலையில் இறங்கப்போகிறார்கள் என்றால், நாங்கள் அலைந்த அலைச்சல் அவர்களுக்காவது மிச்சமாகட்டும்.

ஆதரவு திரட்டுவதில் சிரமமே இல்லை. கையெழுத்து, மாணவர் பேரவைத் தீர்மானம், கூட நிற்க இரண்டு பேராசிரியர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டன. அதற்கு முன் செய்த ஒரு காரியம்தான் பெரிய உதவி. நூலக வாசலில் இருக்கும் குப்பைத் தொட்டியைத் தார்ப்பாயில் கொட்டி, கையுறை போட்டுக்கொண்டு பிரித்துப் பார்த்தோம். பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. ஒரு பையில் பேனா வாங்கிய ரசீது மட்டும் கிடந்தது. ஒரே ஒரு பேனாவுக்கு ஒரு பை! அதைப் படமெடுத்து மனுவின் முதல் பக்கத்தில் ஒட்டினோம். "ஒரு பை என்னம்மா செஞ்சிடும்?" என்று கேட்ட அதிகாரிக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். வங்கதேசத்தில் வெள்ளக் காலத்தில் வடிகால்களை அடைத்ததால்தான் 2002-லேயே மெல்லிய பைகளைத் தடை செய்தார்கள் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் மறுத்துப் பேசவில்லை.

அலைச்சல் அப்புறம்தான் தொடங்கியது. மனுவைக் கொண்டுபோனபோது எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மேசையில வச்சிட்டுப் போம்மா" என்றார். வைத்துவிட்டு வந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் போய்க் கேட்டால், "அப்படி எதுவும் வரலையே" என்கிறார். திரும்ப அச்செடுத்துக் கொடுத்தேன். இந்த முறை, கடைக்காரர்களின் சம்மதக் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வளாகத்தில் உள்ள ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி வாங்கிக்கொண்டு போனேன். "இதெல்லாம் எஸ்டேட் பிரிவு வழியா வரணும், நீங்களே நேரா கொண்டு வரக்கூடாது" என்றார் அதே எழுத்தர். வளாகக் கட்டடங்களையும் இடங்களையும் கவனிக்கும் அந்த எஸ்டேட் பிரிவுக்குப் போனால் கையெழுத்துப் போடவேண்டியவர் விடுப்பில். என்னென்ன தாள் வேண்டும் என்று முதல் நாளே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு மாதம் வீணாகியிருக்காது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆகவே, எந்த மனுவையும் இரண்டு பிரதியாகக் கொண்டு போங்கள். உங்கள் பிரதியில் சீலும் தேதியும் பதிவு எண்ணும் வாங்காமல் அந்த அறையை விட்டு நகராதீர்கள். எண் கையில் இருந்தால் "வரலையே" என்று யாரும் சொல்ல முடியாது. இணைப்புகள் எவை என்று கேட்டு, அவர்கள் கண் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருவழியாகச் சுற்றறிக்கை வந்தது. பலகையில் ஒட்டியிருந்ததைப் படித்ததும் மனது விட்டுப்போனது. 'விற்கவோ கொடுக்கவோ கூடாது' என்று நாங்கள் எழுதியிருந்த இடத்தில், 'மெல்லிய பிளாஸ்டிக் பைகளைத் தவிர்க்கவும்' என்று ஒரே ஒரு வரி. அடுத்த வாரமே கடைகளில் தடித்த பை வந்தது. கேட்டால், "மெல்லிசுதானே கூடாதுன்னு போட்டிருக்கு?" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கலிபோர்னியாவிலேயே இதுதான் நடந்தது. 2014-இல் போட்ட சட்டம், பலமுறை பயன்படுத்தலாம் என்ற பெயரில் தடித்த பிளாஸ்டிக் பைக்கு வழி விட்டது. அந்த ஓட்டையை அடைக்க 2024-இல் இன்னொரு சட்டம் போடவேண்டி வந்தது.

தடித்த பையைத் தொடர்ந்து துணிப் பை போலவே ஒன்று வந்தது. தொட்டால் துணி மாதிரிதான் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நெய்த இழையே இருக்காது. சின்னச் சின்னப் புள்ளிகளாக அழுத்தி ஒட்டியிருப்பார்கள். இந்த நான்-ஓவன் பை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக்கேதான். அதற்குப் பின்னால் 'மக்கும் பை' என்று அச்சடித்த பைகள். அவற்றில் பலவகை, சூடு அதிகமுள்ள உர ஆலையில்தான் ஒழுங்காக மக்கும். நம் தோட்டத்துக் குழியில் போட்டால் அப்படியே கிடக்கும். வேறு சிலவற்றில் பிளாஸ்டிக்கோடு ஒரு வேதிப்பொருளைக் கலந்திருப்பார்கள், அது துகள் துகளாக உடையுமே தவிர மக்காது. அந்த வகைப் பிளாஸ்டிக்கில் செய்த பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் சந்தையை விட்டே விலக்கிவிட்டது.

திரும்பவும் மனு. இந்த முறை வாசகத்தை வரிக்கு வரி நாங்களே எழுதிக் கொடுத்தோம். என்ன தடிமனாக இருந்தாலும், நான்-ஓவனாக இருந்தாலும், 'மக்கும்' என்று அச்சடித்திருந்தாலும், வளாகத்துக்குள் கொடுக்கக் கூடாது, விற்கக் கூடாது என்று. பழைய இருப்பைத் தீர்க்கக் கடைக்காரர்கள் கேட்ட அவகாசம் நியாயமானது. அதற்கும் ஒரு கடைசித் தேதியைப் போடச் சொன்னோம்.

தடைக்குப் பதிலாகக் கட்டணம் வைக்கலாமா என்று குழுவில் ஒரு நாள் முழுக்கப் பேச்சு. அயர்லாந்து 2002-இல் பைக்குப் 15 சென்ட் வரி போட்டதுமே பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது உண்மைதான். ஆனால் எங்களிடம் வசூலித்துக் கணக்கு வைக்க ஆளில்லை. தடையே சரி என்று முடித்தோம்.

உண்மையில் எங்களைக் காப்பாற்றியது சுற்றறிக்கையைவிட ஒப்பந்தம்தான். கடைகளின் உரிமம் புதுப்பிக்கும் மாதம் எது என்று விசாரித்து, அதே வாசகத்தைப் புது ஒப்பந்தத்தில் ஒரு பிரிவாகச் சேர்க்க வைத்தோம். பலகையில் ஒட்டிய தாள் அடுத்த மழையில் கிழிந்துவிடும். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எந்தக் கடைக்காரரும் மறக்க மாட்டார். இதை முதலிலேயே செய்திருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும்.

துணிப் பையை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம் என்று நன்கொடை தர ஒருவர் முன்வந்தார். நன்றி சொல்லி, குறைவாக வாங்கித் தரச் சொன்னோம். பருத்திப் பை செய்யவும் தண்ணீர், மின்சாரம் எல்லாம் ஏகமாகச் செலவாகிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு, புவி வெப்பமாதல் கணக்கில் ஒரு மெல்லிய பைக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்கிறது. அலமாரியில் தூங்கப்போகிற பை யாருக்கு வேண்டும்? கடை வாசலில் ஒரு கொக்கி, அதில் சில பைகள். எடுத்துப் போகலாம், திரும்பக் கொண்டுவந்து மாட்டலாம். முதல் மாதம் பாதிப் பை திரும்பவில்லை. இப்போது கொக்கி காலியாக இருப்பதே அபூர்வம்.

குப்பைத் தொட்டிக்குள் விரிக்கும் கறுப்புப் பையும், விடுதிக்கு வரும் பார்சல்களின் பிளாஸ்டிக் உறையும் இன்னும் பாக்கி. அவை இரண்டுக்கும் சேர்த்து நேற்று மனு கொடுத்தேன். அதே மேசை, அதே எழுத்தர். வைத்துவிட்டுப் போகச் சொன்னார். சீல் விழும்வரை நின்று, பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டுதான் வந்தேன்.