கதவில் ஒரு கைத்தடம்

ஸ்பானிய நாடகாசிரியர் கால்தெரோனின் 'தன் மானத்தின் மருத்துவன்' நாடகத்தை நேற்றிரவு முடித்தேன். 1637இல் அச்சானது. மென்சியா தவறேதும் செய்யவில்லை. அரசனின் தம்பி அவளைத் துரத்துகிறான், அவ்வளவுதான். கணவன் குத்தியர்ரேக்குச் சந்தேகமே போதும். 'இரண்டு மணி நேரம் உயிரோடிருப்பாய், ஆன்மாவைக் காப்பாற்றிக்கொள்' என்று சீட்டு எழுதி வைக்கிறான். இரத்தம் எடுத்து வைத்தியம் பார்க்கும் ஒரு மருத்துவனைக் கண்ணைக் கட்டி அழைத்துவந்து, அவள் இரத்தம் வடிந்து சாகும்வரை இரத்தக்குழாயை வெட்டவைக்கிறான். வீட்டை அடையாளம் காண, அந்த மருத்துவன் வெளியேறும்போது கதவில் இரத்தக் கையைப் பதித்துவிட்டுப் போகிறான். பாவம், அவனால் முடிந்தது அதுதான்.

கொலையல்ல, எனக்குத் தூக்கம் கெட்டது அதற்குப் பிறகு வருவதால். எல்லாம் தெரிந்த அரசன் குத்தியர்ரேயைத் தண்டிக்கவில்லை, அவன் முன்பு கைவிட்ட லியோனோரை மணந்துகொள் என்கிறான். 'இந்தக் கை இரத்தத்தில் தோய்ந்தது' என்று குத்தியர்ரே எச்சரிக்கிறான். அவளோ அஞ்சவில்லை என்று கைப்பிடிக்கிறாள்!