ட்ராங்குவேயைத் தேர்வுக்குப் படித்த விதம்: ஒப்பீட்டுத் தொன்மவியல் தாள் எழுதுகிறவர்களுக்கு

நாட்டார் வழக்காற்றியல் படிக்கும் தம்பி தங்கைகள் ஒப்பீட்டுத் தொன்மவியல் தாளுக்கு எந்தக் கதையை எடுப்பது என்று கேட்கிறார்கள். நான் எடுத்தது அல்பேனியாவின் ட்ராங்குவே. புயலோடு மோதி ஊரைக் காக்கும் சிறகு முளைத்த வீரன் அவன். கிரேக்கத்தின் ஜீயஸ், வட ஐரோப்பாவின் தோர் என்று எல்லோரும் எழுதும் தலைப்புகளைவிட, இவனைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது.

கோட்பாட்டுக்கு அப்புறம் போகலாம், முதலில் கதையை உள்வாங்குங்கள். ட்ராங்குவே கடவுள் இல்லை, மனிதக் குழந்தையாகப் பிறக்கிறவன். பிறக்கும்போதே பனிக்குடச் சவ்வு சட்டைபோல உடம்பைப் போர்த்தியிருக்கும். அக்குளில் இரண்டு சிறகுகள், சில வழக்குகளில் நான்கு. பலமெல்லாம் கைகளிலும் சிறகுகளிலும்தான். மூன்று தலைமுறையாகப் பிறன்மனை நாடாத குடும்பத்தில்தான் இப்படிப் பிள்ளை பிறக்கும் என்று வடக்கு மலைநாட்டில் சொல்வதுண்டு. மனிதர்கள் மட்டுமல்ல, ஆட்டுக்கடாவும் சேவலும்கூட ட்ராங்குவேயாகப் பிறக்கலாம்.

அவனுடைய எதிரி குல்ஷெத்ரா: பல தலைகள் கொண்ட, நெருப்புக் கக்கும் பெண் பாம்பரக்கி. ஊற்றையும் ஆற்றையும் மறித்துப் பஞ்சத்தை உண்டாக்குவாள், நரபலி கேட்பாள், அவள் நெருங்கினால் வானம் இருண்டு புயல் கிளம்பும். போல்லா என்ற பாம்பு 12 ஆண்டுகள் வளர்ந்து குல்ஷெத்ராவாக மாறும் என்பது வழக்கு. வருஷம் முழுக்கக் கண்மூடிக் கிடக்கும் போல்லா, புனித ஜார்ஜ் திருநாளன்று மட்டும் கண்ணைத் திறந்து, எதிரில் படும் மனிதரை விழுங்கிவிடும்.

போர்க் காட்சியில்தான் நிதானமாக நிற்க வேண்டும். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. புயல் கிளம்பியதும் ட்ராங்குவேக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்: ஏர், நுகத்தடி, வைக்கோல் வாரும் கவைக்கோல், மாவரைக்கும் ஆலைக் கல், வேரோடு பிடுங்கிய மரம், பாறை. கைக்குழந்தையாக இருக்கும் ட்ராங்குவேயும் போகிறான், தன் தொட்டிலையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு. இடியும் மின்னலும் அந்தப் போரின் சத்தமும் ஒளியும்தான். ஒரு வழக்கின்படி, மரங்களாலும் பாறைகளாலும் அடித்து ஷ்கும்பின் ஆற்றில் அவளை மூழ்கடித்தார்கள். மத்திய அல்பேனியாவில் ஓடும் அந்த ஆறுதான் வடக்கே கெக், தெற்கே டோஸ்க் என்ற இரண்டு கிளைமொழிப் பகுதிகளுக்கும் இடையிலான எல்லை. விடையில் ஆற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள், சின்ன வரைபடம் போட்டால் இன்னும் நல்லது.

இனி ஒப்பீடு. நம்மில் பெரும்பாலோர் உடனே இந்திரனிடம் போவோம். பொருத்தமும் இருக்கிறது: ரிக் வேதத்தில் விருத்திரன் நீரை அடைத்து வைக்கிறான், இந்திரன் வஜ்ராயுதத்தால் அவனைப் பிளந்து வெள்ளத்தை விடுவிக்கிறான். ஆனால் விடை அத்தோடு நின்றால் பாதிதான். இந்திரன் தேவர் தலைவன், அவனுக்கென்று தேவதச்சன் துவஷ்டா ஆயுதம் செய்து கொடுக்கிறான். ட்ராங்குவேயின் ஆயுதமோ உழவன் வீட்டு வாசலில் கிடப்பது. இந்த வேறுபாட்டை ஒரு பத்தி முழுக்க எழுதலாம், அவ்வளவு கனமானது.

அதைவிட முக்கியம், அண்டை நாடுகளை முதலில் பார்ப்பது. செர்பியா, மாண்டிநீக்ரோ பகுதிகளில் ஸ்துஹாச் என்று ஒருவன் உண்டு. அவனும் சவ்வு போர்த்திப் பிறந்தவன், ஆலங்கட்டி மழையிலிருந்து ஊர்ப் பயிரைக் காப்பவன். ஆனால் உடம்பு தூங்கும்போது அவன் ஆவி மட்டும் போருக்குப் போகும், பெரும்பாலும் வேற்றூர் ஸ்துஹாச்களோடு. இத்தாலியின் ஃப்ரியூலியில் பெனந்தாந்திகள் இருந்தார்கள். சவ்வோடு பிறந்த இவர்களும் இரவில் ஆவியாகப் போய், விளைச்சலுக்காகச் சூனியக்காரர்களோடு பெருஞ்சீரகத் தண்டால் சண்டையிட்டதாக 16, 17-ஆம் நூற்றாண்டுத் திருச்சபை விசாரணைப் பதிவுகள் சொல்கின்றன. பிறப்பு அடையாளம், பயிர் காத்தல், ஊருக்கான போர் என்று மூன்று இழைகள் இங்கே ஒன்றாக ஓடுகின்றன. ட்ராங்குவே இவர்களிலிருந்து விலகுவது அரக்கியோடு நேருக்கு நேர் மோதும் இடத்தில். அங்கேதான் விருத்திரன் கதை உதவிக்கு வரும். இந்த வரிசையில் எழுதினால் ஒப்பீடு தானாகக் கூர்மையாகிவிடும்.

சேகரித்தவர்களைப் பற்றியும் சில வரிகள் வேண்டும். இன்று கிரேக்கத்தில் உள்ள யானினா நகரில் ஆஸ்திரியத் தூதரகப் பணியில் இருந்த யோஹான் கேயார்க் ஃபான் ஹான் 1854-இல் அல்பேனியா பற்றிய தன் ஆய்வை ஜெர்மனில் வெளியிட்டார். பிறகு மாக்ஸிமிலியன் லாம்பெர்ட்ஸ் (1882–1963) கதைகளைத் தொகுத்தார். உள்ளிருந்து சேகரித்தவர்களில் கத்தோலிக்கப் பிரான்சிஸ்கன் சபைத் துறவி ஷ்டியெஃபென் கியெசோவியை (1874–1929) விடவே கூடாது. வெளியாள் எழுதியதையும் உள்ளூர்க்காரர் எழுதியதையும் பிரித்துக் காட்டினால் திருத்துபவர் கண்டிப்பாகக் கவனிப்பார்.

வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்ட கேள்வி: ட்ராங்குவே ஒருவனா, பலரா? பலர் என்றுதான் சொல்ல வேண்டும், காரணத்தோடு. எந்த வீட்டிலும் ஒருவன் பிறக்கலாம், புயல் நேரத்தில் சேர்ந்து போரிடுவார்கள். ஒற்றைப் பெயருள்ள காவிய நாயகனாக அவனை எழுதினால், அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.